எமகண்டமும் எல்லைக்கயிறும்

போன மாதம் சிட்னி நார்த்மீட்டில் நடந்த ஒன்றுகூடலில், "அண்ணை, உங்கட வேலை அனுபவத்தை நாலு வார்த்தை சொல்லுங்கோ" என்று என்னை எழுப்பிவிட்டீர்கள். எழுந்தேன். வணக்கம் சொன்னேன். அதற்குப் பிறகு சொல்ல வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கைதட்டினீர்கள். இவ்வளவு சுருக்கமாக அன்றைக்கு வேறு யாரும் பேசவில்லை என்று ஒருவர் வந்து கையும் குலுக்கினார்.

அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

கோயில், தேவாலயம், மண்டபம், பள்ளிக்கூடம் என்று கட்டடம் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், சிட்னியில் யூதர்களின் ஜெபக்கூடம் ஒன்றில் அந்த வேலையைப் பார்த்தேன். முழங்கால் இனி முடியாது என்று சொல்லும் வரை அங்கேதான் இருந்தேன். கதிரை அடுக்குவதையும் குழாய் திருத்துவதையும் உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. தும்புத்தடி எல்லா மதத்திலும் ஒரே மாதிரித்தான் கூட்டும். எதைத் தொடக்கூடாது, எப்போது தொடக்கூடாது என்பதில்தான் இடத்துக்கு இடம் வித்தியாசம்.

முதல் வருடம் பஸ்காப் பண்டிகை வந்தது. அதற்கு முன்னால் கூடம் முழுவதையும் தேய்த்துக் கழுவினோம். பண்டிகை முடியும் வரை கட்டடத்துக்குள் புளித்த மாவில் செய்த பாண் துணுக்குகூட இருக்கக்கூடாது என்பது அவர்களுடைய சட்டம். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. இவ்வளவு கழுவல் எதற்கு என்று நானும் கேட்கவில்லை, கேட்க வெட்கம். எல்லாம் பளபளவென்று முடிந்த பிறகு, களைப்போடு குசினிக்குள் போய், இருப்பதிலேயே சுத்தமான மூலையைப் பார்த்து உட்கார்ந்து, மனைவி கட்டித்தந்த பாணையும் சம்பலையும் விரித்தேன்.

குசினிக்குப் பொறுப்பான அம்மா வாசலில் வந்து நின்றார். கத்தவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, பாம்பைக் கையில் வைத்திருப்பவனிடம் பேசுவதுபோல மெல்லச் சொன்னார்: "சந்திரன், அதை அப்படியே மூடுங்கள். உதறாதீர்கள். மெதுவாக எழும்பி வெளியே நடங்கள்."

குசினியை மறுபடி முதலிலிருந்து கழுவினோம். நான் தலையைத் தூக்கவில்லை. கடைசியில் அந்த அம்மா சொன்னார்: "அடுத்த முறை தெரியாததைக் கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் என் கதவைத் தட்டிவிட்டு ஓடுங்கள். என்ன விஷயம் என்று நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்."

இது அந்த அம்மா விளையாட்டாகச் சொன்னது. நான் அதை ஒரு வேலைமுறையாகவே எடுத்துக்கொண்டேன். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அதுதான் கைகொடுத்தது.

அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயம் விளங்கவேண்டும். வெள்ளி பொழுதுபடும் நேரத்திலிருந்து சனி இரவு வரை அவர்களுக்கு ஓய்வுநாள். அன்று செய்யக்கூடாத வேலைகளில் ஒன்று, வீட்டுக்குள் இருப்பதைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போவது. பூட்டுத் திறப்பு, கைக்குட்டை, கைக்குழந்தை, எதுவானாலும் கூடாது. தள்ளுவண்டியும் தள்ளக்கூடாது. அப்படியென்றால் பிள்ளை பெற்றவளும் நடக்க முடியாதவரும் வீட்டுக்குள்ளேயே கிடக்கவேண்டியதுதான். இதற்கு அவர்களுடைய பெரியவர்கள் எப்போதோ ஒரு வழி கண்டார்கள். குடியிருப்பைச் சுற்றி ஓர் எல்லை இருந்தால், அதற்குள் இருப்பது எல்லாம் ஒரே வீட்டு வளவு மாதிரி. தூக்கலாம், தள்ளலாம். அந்த எல்லை சுவராக இருக்கலாம், வேலியாக இருக்கலாம். இரண்டு கம்பம் நிறுத்தி, அவற்றின் உச்சிக்கு மேலால் ஒரு கயிறு விட்டாலும் போதும்; அது வாசல் நிலை என்று கணக்கு. ஏருவ் என்று சொல்வார்கள். ஓரிடத்தில் விட்டுப்போனால் முழுவதும் விட்டுப்போனதுதான்.

இதை என் மனைவிக்கு விளக்கினேன். "அப்ப ஊர் முழுக்க ஒரே வீடோ? ஆர் கூட்டுறது?" என்று கேட்டாள்.

அந்த எல்லைக்கு நகரசபையிடம் அனுமதி வாங்க அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கம்பம் நட்டால் வீட்டு விலை இறங்கும், கிளிகள் மோதும், தெருவின் அழகு கெடும் என்று அயலவர்கள் சிலர் எழுதிப்போட்டார்கள். ஏற்கெனவே மின்கம்பமும் கம்பியும் நிறைந்த தெருக்கள் அவை. கடைசியில் பெரும்பாலான இடங்களுக்கு அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு முடுக்கில் மட்டும் எதிர்ப்பு விலகவில்லை. அங்கே கம்பம் வேண்டாம் என்று விட்டுவிட்டு, மூலை வீட்டின் பக்கவேலியையே எல்லையாக எடுத்துக்கொண்டார்கள். உயரமான பலகை வேலி. யாருடைய அனுமதியும் தேவையில்லை. வேலி நின்றால் போதும்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ரபி, அதாவது அவர்களுடைய குரு, என்னோடு வான் வண்டியில் ஏறி எல்லையைச் சுற்றிப் பார்ப்பார். என்னைவிட வயதில் இளையவர். கேள்வி கேட்டால் கேள்வியாலேயே பதில் சொல்வார். சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு கயிறுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எல்லாம் சரி என்றால் சபையாருக்குச் செய்தி அனுப்புவார். ஓய்வுநாள் தொடங்கிய பிறகு யாரும் தொலைபேசியைத் தொடமாட்டார்கள். அதனால் அதற்கு முன்னால் செய்தி போகவேண்டும்.

நான் சொல்லும் வெள்ளிக்கிழமை நல்ல குளிர்காலத்தில் வந்தது. குளிர்காலத்தில் பொழுது கெதியாகப் போய்விடும். நாலரை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வீடுகளில் மெழுகுதிரி ஏற்றி ஓய்வுநாளைத் தொடங்கிவிடுவார்கள். மதியம் தாண்டி நாங்கள் அந்த மூலை வீட்டுக்கு வந்தபோது ரபி விதை கொறிப்பதை நிறுத்தினார்.

"சந்திரன், இங்கே ஒரு வேலி இருந்தது."

"ஓம், ரபி."

"இப்போது இல்லை."

"இல்லை."

"நல்லது. என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துவிட்டேன்."

வேலி இருந்த இடம் வெறும் மண்ணாகக் கிடந்தது. வாசலில் குலையோடு இரண்டு வாழைமரம். கூரையெல்லாம் வண்ண விளக்கு. பின்வளவில் பெரிய வெள்ளைக் கூடாரம். ஒரு மூலையில் கலியாணத்துக்கு நாள் பார்த்து ஊன்றிய, மஞ்சள் துணி சுற்றிய கன்னிக்கால். அந்த வீட்டை அத்தனை வருடமாக வாரந்தோறும் கடந்துபோயிருக்கிறேன். தமிழ் வீடு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாவு படிந்த கையோடு ஓர் அம்மா வெளியே வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி தமிழோ? கூடாரத்துக்குக் கதிரை கொண்டந்தனீங்களோ?"

இல்லை என்று சொல்லி, எனக்கு வந்த அளவில் விஷயத்தைச் சொன்னேன். அந்த அன்ரி கேட்டுக்கொண்டே ரபியின் தாடியைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கலியாணம். சனம் பக்கத்து ஒழுங்கையால வரட்டுமெண்டு வேலியை எடுத்தாச்சு. புதுசு செவ்வாய்க்கிழமை போடுவாங்கள். எனக்கு உதில ஒரு பொறுப்பும் இல்லைத் தம்பி. இந்த வீட்டில ஓர் ஆணி அடிக்கிறதெண்டாலும் அவர் பஞ்சாங்கம் பாத்துத்தான். ராகுகாலத்துக்கு முன்னம் வெளிக்கிடோணுமெண்டு காலமையே சாமான் வாங்கப் போயிட்டார். வரட்டும், கேளுங்கோ."

ரபி மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் யாரை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் சபையில் மிஸ்டர் லாட்ஸி என்று ஒருவர். ஹங்கேரிக்காரர். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து சக்கரநாற்காலி. அவர்களில் பையன்களுக்குப் பதின்மூன்று வயதானதும் சபைக்கு முன்னால் மறைநூல் வாசிக்கவைப்பார்கள். அன்றுமுதல் அவன் சபையில் ஓர் ஆள். எழுபது வயதை ஒரு முழு ஆயுளாக வைத்து, எண்பத்து மூன்று வயதில் இரண்டாம் தரமும் அதைக் கொண்டாடுகிற வழக்கம் உண்டு. லாட்ஸிக்கு எண்பத்து மூன்று. ஆனால் அவருக்கு அது முதல் தரம். சின்ன வயதில் அவருடைய நாட்டில் ஜெபக்கூடத்துக்கு யார் போகிறார்கள் என்று அரசாங்கம் ஆள் வைத்துப் பார்த்த காலம். போனால் அப்பாவின் வேலை போய்விடும். அப்படியே விட்டுப்போயிற்று. இப்போது பல மாதமாகப் படித்துக்கொண்டிருந்தார். நான் கதிரை அடுக்கும்போது எனக்கே வாசித்துக்காட்டுவார். ஒரு சொல்லும் விளங்காத ஆள் கேட்டால் பிழை விட்டாலும் பயமில்லையாம்.

மறுநாள் சனிக்கிழமை அவருடைய நாள்.

நேரே அவர் வீட்டுக்குப் போனோம். ரபி மறைக்காமல் சொன்னார்.

"இன்றைக்கே கூடத்துக்கு வந்து படுத்துவிடுங்கள். கட்டில் போட்டுத்தருகிறோம்" என்றார் ரபி.

"அவர் குறட்டை விட்டால் கட்டடம் தாங்காது" என்றார் லாட்ஸியின் மனைவி.

"நான் தள்ளிக்கொண்டு வாறன்" என்றேன். நான் அவர்கள் மதமில்லை. என் கை தள்ளினால் என்ன?

ரபி தாடியைத் தடவினார். "நோயாளி என்ற முறையில் அதற்கு ஒரு விசேஷ அனுமதி யோசிக்கலாம்…"

"வேண்டாம்" என்றார் லாட்ஸி. "விசேஷ அனுமதி. எங்கள் ஊரில் எல்லாமே விசேஷ அனுமதிதான். பஸ்கா ரொட்டிக்கு அனுமதி. கல்லறைக்குப் போக அனுமதி. கப்பலேற அனுமதி. நாளைக்கு நான் எல்லாரையும் போல வருவேன். இல்லாவிட்டால் வரமாட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். வான் ஓட்டுவதால் அவருக்கு நான் எப்போதும் கேப்டன். "கேப்டன், உன் மேல் கோபமில்லை. நீ நன்றாகத்தான் தள்ளுவாய்."

"எண்பத்து மூன்று வயது. பிடிவாதம் மட்டும் பதின்மூன்று" என்றார் மனைவி. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் எனக்கு ஒன்று தோன்றியது. கன்னிக்கால் ஊன்றிய வளவில் இன்னொரு காலுக்குக் குழி தோண்ட எந்தத் தமிழ் வீட்டிலும் விடமாட்டார்கள். தோண்டாமல் நிற்கிற கால் வேண்டும். கூடத்தின் சாமான் அறையில் அவர்களுடைய கலியாணப் பந்தல் இருந்தது. நாலு கால், மேலே ஒரு துணி. மாப்பிள்ளையும் பெண்ணும் அதற்குக் கீழே நிற்பார்கள். ஒவ்வொரு காலுக்கும் அடியில் இரும்புத் தட்டு உண்டு. வைத்தால் நிற்கும்.

ரபியிடம் சொன்னேன். "ஏன் இதை முதலே சொல்லவில்லை?" என்றார். "நீங்கள் கேட்கேல்லையே" என்றேன். கேள்விக்குப் பதில் சொல்லாதவரிடம் பழகி எனக்கும் கொஞ்சம் அந்தப் பழக்கம் வந்திருந்தது.

இரண்டு காலையும் வானில் ஏற்றிக்கொண்டு நாங்கள் வந்து சேர, அன்ரியின் கணவர் அங்கிளும் வந்து சேர்ந்தார். தன்னுடைய வானிலிருந்து தேங்காய்ச் சாக்கு இறக்கிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற கணக்காய்வாளர், ஒவ்வொரு சாக்கையும் சந்தேகத்தோடு தட்டிப்பார்த்துத்தான் இறக்கினார். ரபி ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் விளக்கினார். அங்கிள் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார்:

"இவ்வளவு காலமும் என்ர வேலிதான் இவையின்ர மதிலோ? எனக்குத் தெரியாமலே?"

"ஓம் அங்கிள்."

"தம்பி, அந்தக் கம்பம் போடவேண்டாமெண்டு கையெழுத்து வச்சவன் நான்."

நான் ரபியைப் பார்க்கவில்லை.

"ஆரோ ஒரு மனிசி கடதாசியும் கொண்டு வாசலுக்கு வந்தவ. நல்ல மழை. நனைஞ்சுகொண்டு நிக்கிறா, பாவம். என்ன ஏதெண்டு வாசிக்காமல் போட்டுவிட்டன். இப்ப பாத்தா, கம்பத்தை விடாததால என்ர வேலியை எடுத்திருக்கினம்."

"என்ன சொல்கிறார்?" என்று ரபி கேட்டார்.

"வேலி பயன்பட்டதில் சந்தோஷம் என்கிறார்" என்றேன். முழுப் பொய்யில்லை. சந்தோஷம் வருகிற வழியில் இருந்தது.

அங்கிள் கால்களைப் பார்த்தார். எதற்கு உரியவை என்று கேட்டார். கலியாணப் பந்தல் கால் என்றதும் முகம் மாறியது. "அப்ப நல்ல சாமான்தான். கலியாண வீட்டுக்குக் கலியாணக் கால் வாறதில என்ன? தோண்டவும் இல்லை. வையுங்கோ. ஆனா இப்ப ஏலாது."

"ஏன்?"

"மூண்டு தாண்டிட்டுது. வெள்ளிக்கிழமை மூண்டிலயிருந்து நாலரை வரைக்கும் எமகண்டம். அந்த நேரத்தில ஒரு கால் என்ர வளவுக்குள்ள வராது. நாலரைக்கு வையுங்கோ, நானே பிடிச்சுத் தாறன்."

நாலரைக்கு வைத்து, கயிறு விட்டு, ரபி சரிபார்த்து, செய்தி அனுப்பி, அவர் வீடு போய்ச் சேரவேண்டும். அதற்குள் மெழுகுதிரி ஏற்றி முடிந்திருக்கும். ரபிக்கு எமகண்டத்தை எப்படி விளக்குவது? "கெட்ட நேரம்" என்றேன். "எல்லாருக்குமா, எங்களுக்கு மட்டுமா?" என்று கேட்டார். எல்லாருக்கும்தான் என்றேன். "அப்படியென்றால் மதிக்கவேண்டியதுதான்" என்று வாசலுக்கு வெளியே வான் பக்கத்தில் போய் நின்றார். ஒரு வார்த்தை வாதாடவில்லை. மற்றவன் மதத்தை மதிக்கச் சொல்லி நகரசபையில் அத்தனை வருடம் பேசிய மனிதர். இப்போது அதே பேச்சு அவர் கழுத்தைப் பிடித்திருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், விதைப் பையை எடுத்து உள்ளே வைத்தார்.

நான் தேங்காய்ச் சாக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போனேன். கை சும்மா இருந்தால் எனக்கு முகம் சிவந்துவிடும். உள்ளே அன்ரி பலகாரம் பொரிக்கும் தாச்சியோடு பேசிக்கொண்டிருந்தார்.

"கொழும்பில அடிச்ச கலண்டரை இஞ்ச கொளுவி வச்சுக்கொண்டு எமகண்டம் பாக்கிறார். இஞ்சத்தைக் கோயில் பஞ்சாங்கத்தில நேரம் வேறயெல்லே. மாரிக் குளிரில பகல் குறுகினா எமகண்டமும் குறுகாதோ? சொன்னா ஆர் கேக்கினம்."

சாக்கை வைத்துவிட்டு நின்றேன். இளையவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நேரே போய் "அங்கிள், உங்கட கலண்டர் பிழை" என்று சொல்லலாம். கலியாண வீட்டில், வேற்று ஆளுக்கு முன்னால், மனைவி சொன்னதை வைத்து ஒரு கணக்காய்வாளரின் கணக்கைத் திருத்தினால் அந்தக் கால் செவ்வாய்க்கிழமையும் உள்ளே வராது. சொல்லாமல் இருக்கலாம், எனக்கு அது சுகம். ஆனால் லாட்ஸியின் மனைவி முகத்தைத் திருப்பிய விதம் கண்ணுக்குள் நின்றது.

கதவைத் தட்டிவிட்டு ஓடுவது என்று முடிவெடுத்தேன். வானடிக்குப் போய் ரபியின் சட்டைக்கையைத் தொட்டு, "அது பகலை எட்டாகப் பிரித்துப் பார்க்கிற நேரம். அவருடைய கலண்டர் வேறு நாட்டுப் பகலுக்கு அடித்தது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, இன்னொரு சாக்கைத் தூக்கப் போய்விட்டேன்.

ரபியின் கண் பெரிதாயிற்று. இதுபோன்ற கணக்கில்தான் அவர்களுடைய முழு வாழ்க்கையும் ஓடுகிறது. எந்தத் தொழுகை எந்த நேரம் என்பதற்குப் பகலைப் பன்னிரண்டாகப் பிரிப்பார்கள். கோடையில் ஒரு பங்கு நீளும், குளிர்காலத்தில் குறுகும். அவர் அங்கிளிடம் போய்ப் பிழை என்று சொல்லவில்லை. வழக்கம்போலக் கேள்விதான் கேட்டார்.

"உங்கள் எமகண்டத்துக்குச் சூரிய உதயம் எந்த ஊரில் நடக்கிறது?"

அங்கிள் தேங்காயை வைத்தார். "என்ன?"

"நாங்கள் பகலைப் பன்னிரண்டாகப் பிரிக்கிறோம். நீங்கள்?"

"எட்டு."

"எட்டா? நல்லது, இலகு. ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்குப் பொழுது போகும் என்று வைத்தா?"

அங்கிளுக்குள்ளே கணக்காய்வாளர் எழும்பிவிட்டார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். ரபி இன்றைய சிட்னி உதயமும் மறைவும் அச்சடித்த துண்டை நீட்டினார். அது எப்போதும் அவர் பையில் இருக்கும். இரண்டு பேரும் தேங்காய்ச் சாக்கின் மேல் குனிந்தார்கள். தொப்பியும் திருநீறும் முட்டுகிற அளவு கிட்ட. எட்டாகப் பிரித்து, வெள்ளிக்கிழமைக்கு உரிய ஏழாம் பங்கைச் சாக்கிலேயே எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டார் அங்கிள்.

"சரியோ?" என்று ரபியிடம் காட்டினார்.

ரபி ஒரு தரம் கூட்டிப்பார்த்தார். "சரி. இன்னும் சற்று நேரத்தில் முடிகிறது."

அங்கிள் நிமிர்ந்து, வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "இஞ்சேரப்பா, எமகண்டம் முடியப்போகுது. சிட்னி எமகண்டம் வேற. உனக்குத் தெரியாது."

உள்ளே தாச்சியில் எதுவோ பலமாகச் சத்தம் போட்டது. பிறகு அன்ரி வெறும் தேத்தண்ணியைக் கடதாசிக் குவளையில் கொண்டுவந்து ரபிக்குக் கொடுத்தார். யார் சொன்னார்களோ தெரியாது. அவர்களுடைய சாப்பாட்டுச் சட்டத்துக்கு அதுதான் பொருந்தும். தேத்தண்ணி முடிய எமகண்டமும் முடிந்தது. ஒரு யூத குரு எமகண்டத்துக்குத் தீர்ப்புச் சொல்லிய இடம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பிறகு எல்லாம் ஓட்டம். கால்களின் உச்சியில் இருந்த பித்தளைக் குமிழ்களைக் கழற்றினேன். காற்றுக்குச் சரியாமல் இருக்க, இரண்டு தட்டின் மேலும் தேங்காய்ச் சாக்கை ஏற்றினோம். அங்கிள் தோரணம் கட்டுகிறமாதிரி கயிற்றைக் காலின் பக்கத்தில் சுற்றினார். ரபி கையைப் பிடித்தார்.

"உச்சிக்கு மேலால் போகவேண்டும்."

"பக்கத்தில கட்டினால் என்ன?"

"மேலால் போனால் வாசல். பக்கத்தில் கட்டினால் அது துணிக்கொடி."

அங்கிளுக்கு அது பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு அவரே ஏணியில் ஏறி, "மேலால, மேலால" என்று என்னை அதட்டத் தொடங்கினார். கடைசியில் ஒரு சிக்கல் வந்தது. "சந்தனமும் குங்குமமும் வைக்காத கால் கலியாண வளவில நிண்டால் சரியில்லை" என்றார். ரபி மெல்லத் தலையை ஆட்டினார். வழிபாடு செய்த காலை அவர்கள் பயன்படுத்த முடியாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "சரி, அது உங்கட கால்" என்றார் அங்கிள்.

ரபி வானில் இருந்தபடியே செய்தி அனுப்பினார். ஆனால் லாட்ஸி வீட்டுக்கு மட்டும் தொலைபேசியில் பேசினார். மறுபக்கம் அவர் மனைவியின் குரல் கேட்டது: "சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்கிறார். காலையிலிருந்து மூன்றாவது தரம்."

சனிக்கிழமை காலை நான் கூடத்தின் வாசலில் நின்றேன். லாட்ஸியை மனைவி தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்கு முன்னும் பின்னும் குழந்தை வண்டிகள்; எல்லாரையும் போலத்தான் வந்தார். உள்ளே அவர் வாசித்தபோது குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. பதின்மூன்று வயதுப் பையன்களுக்கும் அந்த வயதில் அப்படித்தான் உடையும் என்று ரபி பிறகு சொன்னார். வாசித்து முடித்ததும் சபையார் இனிப்பு எறிவது வழக்கம். எறிந்தார்கள். குசினி அம்மா குறி வைத்து எறிந்தது அவர் மூக்கில் பட்டது. "இதற்காகவா எழுபது வருடம் காத்திருந்தேன்" என்றார், மூக்கைத் தடவிக்கொண்டு.

திரும்பும் வழியில் மேடு இருந்ததால் நான் தள்ளினேன். அந்த மூலை வீட்டு வழியாகப் போகச் சொன்னார். வளவின் முன்னால் நிறுத்தினேன். கால்கள் நேற்று வைத்தபடி நின்றன. தேங்காய்ச் சாக்கு இரண்டிலும் பெரிதாகச் சந்தனப் பொட்டு.

அங்கிள் அவசரமாக வந்தார். "தம்பி, ரபியிட்டச் சொல்லுங்கோ, காலுக்கு வைக்கேல்லை. சாக்குக்குத்தான் வச்சனான். தேங்காய் என்ரயெல்லே."

லாட்ஸி கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"இவ்வளவுதான்" என்றேன்.

அன்ரி தட்டம் நிறையப் பலகாரத்தோடு வந்தார். லாட்ஸி கும்பிடுவதுபோலக் கை கூப்பி, தங்கள் குசினியில் செய்யாததைச் சாப்பிட முடியாது என்றார். கலியாண வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப அன்ரிக்கு மனம் வரவில்லை. உள்ளே போய் ஒரு வாழைப்பழம் கொண்டுவந்தார்.

"எப்போது பறித்தது?" என்று லாட்ஸி கேட்டார். ஓய்வுநாளில் பறித்ததென்றால் அன்று தொடமாட்டார்கள்.

"குயின்ஸ்லாந்தில ஆரோ பறிச்சு ஒரு கிழமை இருக்கும்" என்றார் அன்ரி. நான் மொழிபெயர்த்தேன்.

லாட்ஸி பழத்தை வாங்கி மடியில் வைத்தார்.

"பசிக்கிறது என்றாயே, சாப்பிடு" என்றார் மனைவி.

"பசிக்கிறதுதான்."

"பிறகு என்ன?"

"வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறேன்" என்றார். "தெருவால்."

வழியில் வந்தவர்கள் எல்லாரும் ஓய்வுநாள் வாழ்த்துச் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் வாழைப்பழத்தைத் தூக்கிக் காட்டினார். மேடு முடிந்து தெரு சமமாகிவிட்டது. இனி மனைவியே தள்ளலாம். அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. முழங்கால் அப்போதே நோகத் தொடங்கியிருந்தது. ஆனாலும் அந்தத் தெருவில் நான் வண்டியை மெதுவாகத்தான் தள்ளினேன்.